ஹாமூனுக்கும் பங்கு வேண்டும்
ஹெல்மந்து நதிநீருக்காக ஈரானும் ஆப்கானிஸ்தானும் மல்லுக்கு நிற்க, அந்த நதியே உயிராதாரமான ஹாமூன் ஈரநிலங்கள் காய்ந்து கிடக்கின்றன. இதை இனியும் அனுமதிக்கக் கூடாது. தண்ணீர் விடாததற்கு வறட்சியைக் காரணம் காட்டுகிறது காபூல். வறட்சி பொய்யல்ல, 1990-களின் இறுதியில் தொடங்கிய கடும் வறட்சிதான் ஹாமூன் ஏரிகளைக் காயவைத்தது. ஆனால், ஹெல்மந்தின் மீது 2021-இல் ஆப்கானிஸ்தான் திறந்த கமால்கான் அணை, வெள்ளக்கால உபரி நீரைக்கூட கோத்-இ-சிரே என்னும் உப்புப் பள்ளத்துக்குத் திருப்பிவிட வழிசெய்கிறது. பயிருக்கும் பயன்படாமல் உவராகிப்போகும் அந்த நீரை ஹாமூனுக்கு மறுப்பதில் எந்த நியாயமும் இல்லை. ஈரானும் குற்றமற்றதல்ல. எல்லை தாண்டி வரும் நீரில் பெரும்பகுதியைத் தன் பக்கத்திலுள்ள சாநிமே நீர்த்தேக்கங்களுக்குத் திருப்பிவிட்டு, மிச்சத்தைத்தான் ஏரிக்கு விடுகிறது. நாணல் படகில் மீன்பிடித்தவர்களும், நாணலைத் தீவனமாக்கி மாடு வளர்த்தவர்களும் பிழைப்பிழந்து, ஹாமூனைச் சுற்றியுள்ள சிஸ்தான் பகுதியை விட்டு வெளியேறுகிறார்கள். கோடையில் வீசும் '120 நாள் காற்று' வறண்ட ஏரிப்படுகையின் புழுதியை வாரிக்கொண்டு வந்து ஈரானின் சாபோல் நகரத்தை மூடுகிறது. மக்கள் அதையே சுவாசிக்கிறார்கள். இரு நாடுகளும் செய்துகொண்ட 1973 நதிநீர் ஒப்பந்தம் இயல்பான மழையாண்டில் ஈரானுக்குச் சராசரியாக நொடிக்கு 26 கன மீட்டர் நீர் என்று வரையறுத்தது. ஈரநிலத்துக்கெனத் தனியே எதையும் ஒதுக்கவில்லை. ஈரநிலங்களைக் காக்கும் உலக உடன்படிக்கை 1971-இல் கையெழுத்தானதே ஈரானின் ராம்சர் நகரில்தான் என்பதை டெஹ்ரான் மறந்துவிடக் கூடாது. ஹாமூனுக்கான பங்கை உறுதிசெய்யும் துணை ஒப்பந்தத்தை இரு அரசுகளும் உடனே செய்துகொள்ள வேண்டும். அதுவரை, வெள்ளநீரை உப்புப் பள்ளத்துக்குத் திருப்புவதைக் காபூல் நிறுத்த வேண்டும். சாநிமேயில் தேக்கும் நீரில் ஒரு பகுதியை டெஹ்ரான் ஏரிக்குத் திறந்துவிட வேண்டும்.