நெய்வேலிச் சிறார்க்குச் சொந்த ஊர் யாது?

ஒரு மண்ணில் ஆண்டுதோறும் அதே பருவத்தில் அதே காரியத்தைப் பெற்றோரோடும் அயலாரோடும் கூடிச் செய்துவரும் குழந்தைக்கு அம்மண்ணே ஊராகின்றது. பட்டாவும் பத்திரமும் நிலத்துக்கு உரிமை தரலாம். ஊரைத் தருவது வழக்கமேயாம். இவ்வுண்மை நெய்வேலி நகரியத்து இல்வாழ்க்கையை நோக்குவார்க்கு நன்கு புலனாகும்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் நீர் வேண்டித் துளையிட்டபோது கரிய பொருளொன்று வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-ஆம் ஆண்டில் நிறுவனம் ஏற்பட்டது. 1957 மே 20-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கைக்கு எட்டியது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. வேலையை நாடிப் பல மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் வந்து, வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட குவார்ட்டர்ஸ்களிற் குடியேறினர். அவர்களோடு, சுரங்கத்துக்காகத் தங்கள் வீட்டையும் வயலையும் விட்டெழுந்த சுற்றுக் கிராமத்தாரும் இங்கே வாழ்கின்றனர்.

ஆகவே இந்நகரியத்துச் சிறார் இருவகையினர். ஒரு சாரார்க்குப் பாட்டனார் ஊர் தொலைவில் இருக்கின்றது. மற்றொரு சாரார்க்கோ பாட்டனார் பொங்கலிட்ட முற்றம் இருந்த இடத்தில் இன்று சுரங்கம் இருக்கின்றது. இருவரும் வாழும் வீடு நிறுவனத்தின் வீடே. பெற்றோர் பணி ஓய்வு பெறுங்கால் அதனைக் காலி செய்தல் வேண்டும். நட்ட மாமரத்தையும் பலாமரத்தையும் அடுத்து வருவோர்க்கு விட்டுச் செல்லுதல் இங்கே இயல்பு. பின்னர் அச்சிறாரிடத்து எஞ்சுவது யாது? அவ்வீட்டில் நடந்த நற்பழக்கங்களின் நினைவேயன்றி வேறில்லை.

இங்ஙனமிருக்க, பண்டிகையென்றால் பெட்டி கட்டுதலே என்னும் எண்ணம் நம்மவர் பலரிடத்தும் வேரூன்றியிருக்கின்றது. முதியோரைக் காணப் போவது தக்கதே. அதனை நாம் குறை கூறோம். ஆயினும் ஆண்டின் எல்லாப் பண்டிகைகளும் வேற்றூரிலேயே கழியுமாயின், தாம் வாழும் ஊர் ஒரு சத்திரமே என்று பிள்ளைகள் கருதுவர். சத்திரத்தை நேசிப்பார் யார்? அதன் தெருவையும் மரத்தையும் காப்பார் யார்? ஒரு பண்டிகையேனும் நகரியத்தில் நடத்துதல் வேண்டுமென்பது நம் கருத்து.

“ஷிப்டு வேலை இருக்கும்போது பண்டிகை எங்ஙனம்?” என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. நிலக்கரிப் படுகையின் அடியிலுள்ள நீர் மேல்நோக்கி அழுத்துவதால், அதனை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். கொதிகலன்களும் தீபாவளிக்கென்று அணைவதில்லை. தென்மாநிலங்களில் எத்தனையோ இல்லங்கள் ஒளிர்வதற்காக, அவ்விரவில் இங்கே சிலர் விழித்திருக்கின்றனர். தந்தையர் மட்டுமன்றித் தாய்மாரும் முறைவேலை பார்க்கும் காலம் இது.

அதற்கு நாம் கூறும் விடை இதுவே. பஞ்சாங்கம் குறித்த நேரத்தில் வழிபாடு நடக்கட்டும். கூடியுண்பது மட்டும் வேலைக்குச் சென்றவர் வரும்வரை பொறுத்திருக்கட்டும். இரவு ஷிப்டு முடித்துக் கண் சிவக்க வரும் தந்தைக்காகப் புத்தாடையை மடித்துவைத்துக் காத்திருக்கும் குழந்தை, பண்டிகையை இழக்கவில்லை. நம் வீட்டில் ஒருவரை விட்டு மற்றவர் மகிழ்வதில்லை என்னும் பாடத்தை அப்பண்டிகையிலேயே கற்றுக்கொள்ளுகின்றது. ஏட்டிற் படித்து இதனைப் பெறுதல் அரிது.

இனி, குழந்தைகளின் கைக்கும் வேலை வேண்டும். கடையிற் பெட்டி பெட்டியாக வாங்கிய பலகாரம் வயிற்றை நிரப்பும். மனத்தில் தங்குவது, தன் விரலாற் பிசைந்து கோணலாய்ச் சுட்ட முறுக்கே. மார்கழி விடியலிற் புள்ளி வைக்க மகளோடு மகனும் உட்காரட்டும். தாயொருத்தியே நள்ளிரவு வரை அடுப்பங்கரையில் நின்று களைத்துச் சிடுசிடுக்கும் பண்டிகையைப் பிள்ளைகள் விரும்பி நினையார். கணவரும் மக்களும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டிலேதான் வழக்கம் அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

அன்றியும், இம்மண்ணுக்கே உரிய விழாக்கள் பலவுள. பங்குனி உத்திரத்தில் வில்லுடையான்பட்டு முருகனுக்குக் காவடிகள் வருகின்றன. தை ஐந்தாம் நாளிற் பெண்ணையாற்றங்கரையிலும் கெடிலக்கரையிலும் ஆற்றுத் திருவிழா நிகழ்கின்றது. மணலில் கால் புதையப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றால், தாம் கடலூர் மாவட்டத்து மக்கள் என்பதனை அவர்கள் கால்களே அறியும். மேலும், பல மொழியும் பல சமயமும் ஒரே தெருவில் அடுத்தடுத்து வாழும் நகரியத்தில் கிறிஸ்துமஸ் பலகாரமும் ரமலான் கஞ்சியும் தீபாவளித் தட்டும் வீடு விட்டு வீடு செல்லுதல் எளிது. அத்தட்டைத் தாங்கிச் செல்லும் பொறுப்பைக் குழந்தைகளிடமே ஒப்புவித்தல் நலம்.

இறுதியாக ஒன்று. பொங்கற் பானை பொங்கும் வேளையில், இம்மண்ணில் முன்பு உழுது பொங்கலிட்டோர் இருந்தனர் என்றும், அவர்கள் நிலம் ஈந்தமையாலேயே நம் வீட்டு விளக்கு எரிகின்றது என்றும் பெற்றோர் தம் மக்களுக்குச் சொல்லுதல் வேண்டும். நன்றி மறவாமை பொங்கலின் உயிர். ஞாயிற்றுக்கும் மாட்டுக்கும் நன்றி கூறுவோர் அம்மாந்தரை மறத்தல் முறையாகாது.

வீடு மாறலாம், வட்டம் மாறலாம், சுரங்கமும் ஒருநாள் வற்றலாம். ஆனால் பிள்ளைப் பருவத்தில் கைப்பழக்கமாய்ப் பெற்றதனைக் காலி செய்யச் சொல்வார் எவருமிலர். பெற்றோர் இதனைச் சிந்தித்து, வருகின்ற பண்டிகையிலேயே தொடங்குவாராக.