கிறஞ்சு இசையும் நினைவேக்கமும்

விழா மலர் ஒன்று வெளிவருங்கால் அதன் ஏடுகளிற் பெரும்பாலானவை கழிந்த காலத்தையே நோக்கி நிற்பது இயல்பு. தாம் பயின்ற வகுப்பறையையும் விளையாடிய வெளியையும் நினைந்து மூத்தோர் எழுதுவதை இளையோர் சற்றே முறுவலுடன் வாசிப்பர். அவ்விளையோரும் ஒரு நாள் அவ்வாறே எழுத அமர்வர். கழிந்ததை எண்ணி ஏங்கும் இவ்வியல்பை நினைவேக்கம் எனலாம். அஃது ஓர் இசையின்மீது சென்று படிந்தவிடத்து யாது நேர்ந்தது என்பதை எடுத்துரைக்க விழைகின்றேன். யான் கருதும் இசை நம் நாட்டிற் பிறந்ததன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கு மூலையிலே, மழை ஓயாத சியாற்றில் என்னும் துறைமுக நகரத்திலும் அதன் அயலூர்களிலும், 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் முளைவிட்டு, 1991ஆம் ஆண்டில் உலகெங்கும் ஒலித்த கிறஞ்சு என்னும் றொக் இசையே அது.

பண்ணும் தாளமும் முறையே கற்ற அன்பர்கள், ‘அஃது இசையா, இரைச்சலா?’ என வினவக்கூடும். வினாவிற் குற்றமில்லை. கிறஞ்சு என்னும் சொல்லே அழுக்கு, கசடு என்னும் பொருளது. 1981ஆம் ஆண்டில் மார்க் ஆம் என்னும் இளைஞர், தாம் சேர்ந்திருந்த குழுவைத் தாமே எள்ளி நகையாடி உள்ளூர்ச் சிறு பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் அச்சொல்லை ஆண்டார். பின்னர் அவரே மட்ஹனி என்னும் குழுவின் பாடகரானார். கிற்றாரின் ஒலியைக் கரகரக்கச் செய்யும் இரு மின்கருவிகளின் பெயர்களை ஒன்றாய்ச் சேர்த்து, 1988இல் வெளிவந்த தம் இசைத்தட்டுக்கு அக்குழுவினர் பெயரிட்டனர். குறையை மறைக்காது அதனையே கொடியாக உயர்த்திப் பிடித்தனர் என்பதை இதனால் அறியலாம்.

அக்குறையை அவர்கள் விரும்பியதற்குக் காரணம் உண்டு. 1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆட்சி செலுத்திய றொக் இசைக்குழுவினர் தலைமயிரை விரித்துக் கட்டி, முகத்துக்கு மைதீட்டி, மினுங்கும் ஆடை அணிந்து, தம் களியாட்டத்தையும் விரலின் விரைவையும் விளம்பரஞ் செய்தனர். வேலையற்ற வீட்டில், பிரிந்து வாழும் பெற்றோரிடையே வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அவ்விசையில் யாது இடம் இருந்தது? நிர்வாணா குழுவின் பாடகரான கேர்ட் கோபேன் 1967இற் பிறந்த அபர்டீன் என்னும் ஊர், மரந்தறிக்கும் தொழிலால் வாழ்ந்து, அத்தொழில் நலியவே தானும் நலிந்த ஊர். அத்தகைய ஊர்களிலிருந்து வந்தோர் பழைய கிற்றாருடனும், குளிருக்கு அணியும் பிளனெல் சட்டையுடனும் மேடையேறினர். நிர்வாணாவின் முதல் இசைத்தட்டு 1989இல் வெளிவந்தது. அதனை ஒலிப்பதிவு செய்தற்குச் செலவான தொகை 606 டொலர் 17 சதம்.

1991ஆம் ஆண்டு நிகழ்ந்தது ஒருவரும் எதிர்பாராதது. ஓகஸ்ற் மாதத்தில் பேர்ள் ஜாம் குழுவின் முதல் இசைத்தட்டும், செப்டெம்பர் 24ஆம் நாள் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ என்னும் இசைத்தட்டும், ஒக்டோபரில் சவுண்ட்கார்டன் குழுவின் இசைத்தட்டும் வெளிவந்தன. (சவுண்ட்கார்டனின் கிற்றார்க் கலைஞர் கிம் தயில், கேரளத்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குச் சியாற்றிலிற் பிறந்தவர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.) நெவர்மைண்டின் முதற் படிகளாக ஏறத்தாழ 46,000 மட்டுமே அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்பப்பட்டன. 1992 ஜனவரியில் அது மைக்கல் ஜக்சனின் இசைத்தட்டைப் பின்தள்ளி விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது.

இற்றைக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அக்காலத்தில் இளைஞராயிருந்தோர் இன்று நரைதிரை கண்டோர். அவர்கள் இவ்விசையைக் கேட்டு உருகுவதற்கு உளவியலறிஞர் எளிதான விளக்கம் ஒன்று தருவர். பதின்மூன்று பதினான்கு அகவை தொடங்கி இருபத்தைந்து வரையிலே மனத்திற் பதிந்தவையே முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருவனவாம். ஆதலின் ஒவ்வொரு தலைமுறைக்கும் தன் இளமையின் பாட்டே இனிய பாட்டு. இவ்விளக்கம் பொய்யன்று, போதாது என்பதே என் கருத்து. நெவர்மைண்டின் முதற் பாடலுக்கென எடுத்த படக்காட்சி 2019 டிசெம்பரில் இணையத்திலே நூறு கோடி முறை பார்க்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. அத்தனை முறையும் பார்த்தோர் நரைத்த தலையினர் மட்டுமேயென எவரும் துணிந்து கூறார். கோபேன் மறைந்த பின்னர்ப் பிறந்த பிள்ளைகள், தாம் காணாத காலத்தின் பாட்டைத் தமதென்று கொள்கின்றனர். தான் வாழாத இளமையை எண்ணி ஒருவன் ஏங்குதல் இயலுமா?

அவர்களை ஈர்ப்பது பிறிதொன்று. அவ்விசையின் அமைப்பை நோக்குக. பாட்டு மெல்லத் தொடங்கும்; தனக்குத்தானே முணுமுணுப்பவன் குரல் போலச் சொற்கள் வரும். பல்லவியிலே கருவிகள் யாவும் ஒருங்கே வெடிக்கும். குரல் உடைந்து கதறும். மீண்டும் அமைதி. உள்ளே அடக்கி வைத்த துயர் ஒருவனிடம் நடந்துகொள்ளும் முறையும் இதுவே. கோபேனின் சொற்கள் பல இடங்களிற் பொருள் விளங்காதவை. எனினும், ‘யான் நலமாயில்லை’ என ஒருவன் ஒப்பனையின்றிக் கூறுகின்றான் என்பதை ஆங்கிலம் அறியாதவனும் உணர்வான். நலமாயில்லை என்று கூற இடமற்ற பதினாறு அகவைப் பிள்ளைகள் எக்காலத்தும் உளர். அவர்கள் உள்ளவரை இவ்விசைக்குக் கேட்போர் உளர்.

வணிகர் செய்ததோ வேறு. 1992 நவம்பரில் நியூயோர்க் ரைம்ஸ் நாளிதழ் கிறஞ்சு இளைஞரின் தனிவழக்குச் சொற்களென ஒரு பட்டியலை வெளியிட்டது. முன்னர்ச் சப் பொப் என்னும் சியாற்றில் இசைத்தட்டு நிறுவனத்திற் பணியாற்றிய மேகன் ஜஸ்பர் என்னும் பெண், செய்தியாளர் கேட்ட வினாவுக்கு அந்தக் கணமே தாம் புனைந்து கூறிய சொற்களே அவை! வீணே பொழுது போக்குதலுக்கு ‘சுவிங்கிங் ஒன் த பிளிப்பிட்டி பிளொப்’ என்பது வழக்காம். பெருமை மிக்க ஏடு அதனை அப்படியே அச்சிட்டது. (அப்பெண்மணி பின்னர் அந்நிறுவனத்தின் தலைமைப் பதவியை எய்தினார், அதற்கு அவர் முற்றிலும் தகுதியுடையவரே.) அதே மாதத்தில் மார்க் ஜேக்கப்ஸ் என்னும் ஆடை வடிவமைப்பாளர் கிறஞ்சு ஆடைகளை நியூயோர்க்கில் அணிவகுக்கச் செய்தார். ஏழைப் பிள்ளைகள் பழைய துணிக் கடையிற் சில டொலருக்கு வாங்கிய சட்டையின் சாயல், பட்டிலே நெய்து காட்டப்பட்டது. அதனால் அவர் தம் பதவியை இழந்தார். ஆயினும் 2018இல் அவ்வாடைகளையே மீண்டும் செய்து விற்றார். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் நினைவேக்கம் என்னும் சந்தை முதிர்ந்துவிட்டது.

அச்சந்தையின் கணக்கை நோக்கினால் வியப்புண்டாகும். கோபேன் அணிந்த, கழுவப்படாத, சிகரெற் தீப்பட்டுத் துளைவிழுந்த கம்பளிச் சட்டை 2019இல் 334,000 டொலருக்கு ஏலம் போயிற்று. 1993 நவம்பரில் எம்.ரீ.வி. தொலைக்காட்சிக்காக அவர் வாசித்த கிற்றார் 2020இல் அறுபது இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அவரது முதல் இசைத்தட்டின் செலவைப்போல் இஃது ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு. வாங்கியவர்மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் அந்த ஆண்டுகளிலிருந்து நாம் பேணத்தக்கது கம்பளிச் சட்டைதானா? நிர்வாணாவின் 1993ஆம் ஆண்டு இசைத்தட்டை ஒலிப்பதிவு செய்த ஸ்ரீவ் அல்பினி, விற்பனையிற் பங்கு பெறுதல் முறையன்று என மறுத்து, குழாய் பொருத்தும் தொழிலாளியைப்போல் வேலைக்குரிய கூலியே போதுமெனக் கடிதம் எழுதினார். அதனால் அவர் இழந்தது பெருந்தொகை. பேர்ள் ஜாம் குழுவினர், தம் இசைநிகழ்ச்சிக்கு 20 டொலருக்கு மேற்படாத கட்டணமே இருத்தல் வேண்டுமெனக் கருதி, நுழைவுச்சீட்டு விற்பனையைத் தன் கையிலே வைத்திருந்த ரிக்கற்மாஸ்ரர் நிறுவனத்தை எதிர்த்தனர். 1994 யூனில் அமெரிக்கக் காங்கிரசின் குழு முன்னிலையிற் சாட்சியம் அளித்தனர். 1995இல் அரசாங்கம் தன் விசாரணையைக் கைவிட, அவர்கள் முயற்சி தோற்றது. தோற்ற முயற்சியை ஏலத்தில் விட எவராலும் இயலாது; அதனாற்போலும், அது மறக்கப்பட்டது.

மறக்கப்பட்டோரிற் பெண்கள் பலர். தி கிற்ஸ் என்னும் குழுவின் பாடகி மியா சப்பாற்றா 1993 யூலையிற் சியாற்றில் வீதியொன்றிலே கொலையுண்டார். குற்றவாளியைத் தேடும் செலவுக்கு நிர்வாணா உள்ளிட்ட குழுக்கள் பாடிப் பணந்திரட்டின. பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி அளிக்கும் அமைப்பொன்றை அவர்தம் தோழியர் தோற்றுவித்தனர். குற்றவாளி 2004இலே தண்டிக்கப்பட்டான். ‘அந்தக் காலம் பொற்காலம்’ எனப் பாடுவோர் இவ்வேட்டைப் புரட்டுவதில்லை.

இனி, யான் இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்குக் காரணமான செய்திக்கு வருகின்றேன். இவ்விசையின் அன்பர் பலர் அதன் வாழ்வைக் காட்டிலும் அதன் சாவுகளையே கொண்டாடுகின்றனர். அன்ரூ வூட் 1990இலே 24 அகவையில் ஹெரோயினால் மாண்டார். கோபேன் 1994 ஏப்பிரல் 5ஆம் நாள் 27 அகவையில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அலிஸ் இன் செயின்ஸ் குழுவின் லேன் ஸ்ரேலி 2002இல், அதே ஏப்பிரல் 5ஆம் நாள், போதைப்பொருளால் தனியே இறந்து, ஏறத்தாழ இரு வாரங்களின் பின்னரே கண்டெடுக்கப்பட்டார். சவுண்ட்கார்டனின் கிறிஸ் கோர்னெல் 2017 மே மாதத்தில், 52 அகவையில், தம் முடிவைத் தாமே தேடிக்கொண்டார். இவற்றை வரிசைப்படுத்தி, நாள் ஒற்றுமை கண்டு, ‘மேதையர் நெடுநாள் வாழார்’ என உருகுவது ஒருவகை வழிபாடாகிவிட்டது. நிர்வாணாவின் எம்.ரீ.வி. நிகழ்ச்சியின் மேடை, கோபேனின் விருப்பப்படியே லில்லி மலர்களாலும் மெழுகுதிரிகளாலும் அலங்கரிக்கப்பட்டது. அதனைத் தம் இறுதிச் சடங்கை அவரே முன்னுணர்ந்து நடத்தியதாக இன்று கண்டு சிலிர்க்கின்றனர். ஐந்து மாதம் கழித்து நேர்ந்ததை அறிந்த கண்ணுக்கே அவ்வாறு தோன்றும். அன்று அங்கிருந்தோர் கண்டது, நோயுற்ற ஓர் இளைஞர் மிக நன்றாகப் பாடியதை.

ஸ்ரேலியின் கதையை எண்ணுக. அத்துணைக் குரல் படைத்தவர். போதைப்பழக்கத்தைப் பற்றி அவரளவு அஞ்சாமற் பாடியவர் இலர். அப்பழக்கத்தினாலேயே 1994இல் அவர் குழு ஏற்றுக்கொண்ட பயணத்தைக் கைவிட்டது. இறப்பதற்கு முந்திய ஆண்டுகளில் அவர் பாடியது மிகச் சொற்பம். துயர் அவர் பாட்டுக்கு ஊற்று எனின், ஹெரோயின் அவ்வூற்றைத் தூர்த்த மண். அவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது, அறியாமையாலாயினும், இளையோருக்குத் தீங்கு செய்வதாகும்.

இது வெறும் அச்சமன்று என்பதற்கும், அச்சம் மட்டுமே போதாது என்பதற்கும் சியாற்றிலிலேயே சான்று உண்டு. கோபேன் மறைந்த சில நாட்களில் ஆயிரக்கணக்கான இளைஞர் அந்நகரிற் கூடி அழுதனர். அவரைப் பின்பற்றிப் பலர் மடிவர் என மருத்துவர் அஞ்சினர். நிகழ்ந்ததை ஆராய்ந்து 1996இல் வெளிவந்த கட்டுரையொன்று, அந்நகரிற் தற்கொலைகள் அஞ்சியவாறு பெருகவில்லை எனவும், உதவி நாடி நெருக்கடி நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புக்களே பெருகின எனவும் கண்டது. செய்தித்தாள்கள் அச்சாவை அழகுபடுத்தாது எழுதியமையும், எங்கே உதவி கிடைக்கும் என்பது பரவலாக அறிவிக்கப்பட்டமையும் இதற்குக் காரணமாகலாம் என அவ்வாராய்ச்சியாளர் கருதினர். தம் பாடகரை இழந்த பிள்ளைகள், அவர் பாட்டிற் கேட்டதையே தொலைபேசியிற் கூறினர்: ‘யான் நலமாயில்லை.’ மறுமுனையில் ஒருவர் இருந்து கேட்டார். நம் கல்லூரிகளிலும் காதிற் கருவி செருகி அமர்ந்திருக்கும் மாணவனைக் கண்டு, ‘இரைச்சலை நிறுத்து’ என்று கூறும் ஆசிரியர், நிறுத்துமுன் அவன் எதனைக் கேட்கின்றான் என்று ஒருகால் வினவுதல் நன்று.

உயிரோடிருப்போரைப் பற்றி அன்பர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. முதுமை அழகுடையதன்று போலும். ஆனால் பேர்ள் ஜாம் 2024இலும், மட்ஹனி 2023இலும் புதிய இசைத்தட்டுக்களை வெளியிட்டனர். மார்க் ஆம், 1981இல் அக்கடிதத்தை எழுதியவர், பெரும் பொருள் ஈட்டவில்லை. நெடுங்காலமாக அவர் சப் பொப் நிறுவனத்தின் பண்டகசாலைப் பொறுப்பாளராகப் பணியாற்றினார். உலகெங்குமுள்ள அன்பர்கள் வரவழைத்த இசைத்தட்டுக்களைப் பெட்டிகளில் அடுக்கி அனுப்புவது அவர் பகல் வேலை. குழுவுடன் வெளியூர் சென்று பாடிவிட்டு அவ்வேலைக்குத் திரும்புவார்.