தாமதத்தின் வட்டி

கிடங்கு கட்டும் சங்கங்களின் ஏடுகளில் நாம் முதலில் பார்ப்பது சிமெண்டுச் செலவையன்று, தேதிகளையே. வரைபடம் முடியுமுன் அஸ்திவாரம் தோண்டும் அவசரமே பின்னர்த் தாமதமாகிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி இசையரங்கில் நடந்ததும் அதுவே. கூரையின் வடிவம் தீருமுன்னரே 1959-ல் வேலையைத் தொடங்கினர். எழுப்பிய தூண்கள் கூரையைத் தாங்கா என்று கண்டு, அவற்றை மீண்டும் கட்ட நேர்ந்தது. 1963-ல் முடியவேண்டிய அரங்கு 1973-ல் திறக்கப்பட்டது. 70 லட்சம் டாலர் மதிப்பீடு 10 கோடியே 20 லட்சமாயிற்று. அங்கே லாட்டரிச் சீட்டு கைகொடுத்தது. நம் சங்கங்களுக்கு ஏது லாட்டரி? கடனுக்கு வட்டி நாள்தோறும் ஏறுகிறது. நூலும் நெல்லும் அயலார் கொட்டகையில் வாடகைக்குக் கிடக்கின்றன. இவ்விரு தொகைகளையும் மாதந்தோறும் நிர்வாகக் குழுவின்முன் வைத்தல் வேண்டும். காண்டிராக்டருடன் செய்யும் ஒப்பந்தத்தில் எழுதும் அபராதமும் அத்தொகைக்குக் குறையலாகாது.