மலையில் விட்ட பை

ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலைக்குப் புறப்படுகிறீர்களா, சகோதரிகளே? 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கையில் ஸ்நானமும் செய்வீர்கள். பேஷ்! ஆனால், புளியோதரை கொண்டுபோன பிளாஸ்டிக் பையை எங்கே போடுவீர்கள்?

"மலையில் போட்டால் கடலுக்கு என்ன வந்தது?" என்கிறீர்களா? ஆகாய கங்கையாக விழுவது ஐயாறு. அது மலையிறங்கிக் காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. தண்ணீர் போகும் வழியில் பையும் போகும் அல்லவா?

தை, மாசியில் நம் கடற்கரைக்கு முட்டையிட வருகிறது பங்குனி ஆமை. ஜெல்லி மீன் அதற்கு ஆகாரம். மிதக்கும் பையையும் ஜெல்லி மீன் என்றே எண்ணி விழுங்கிவிடுகிறது. குடல் அடைபட்டு, இரையெடுக்க முடியாமல் பட்டினியாகவே சாகவும் நேரிடுகிறது. பிள்ளை பெற வந்த தாய்க்கு நாம் வைக்கும் விருந்தா இது?

இந்தப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடைதான். ஆனால், சட்டம் நம் சமையலறை அலமாரியைத் திறந்து பார்க்காது. நாம்தான் பார்க்க வேண்டும். சாதத்தைத் தூக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி காலத்து மஞ்சள் பையைத் தேடி எடுங்கள். கொண்டுபோனதையெல்லாம் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அருவியிலிருந்து கடலுக்குத் தண்ணீர் மட்டும் போகட்டும்!