வோட்டரைக் குறை கூறிப் பயனில்லை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2024-ம் வருஷம் நவம்பர் மாதம் 5-ந் தேதி நடந்த ஜனாதிபதி தேர்தலில், ரிபப்ளிகன் கட்சி அபேட்சகரான மிஸ்டர் டொனால்ட் டிரம்ப் 312 தேர்வாளர் ஸ்தானங்களையும், டெமாக்ரடிக் கட்சி அபேட்சகரான ஸ்ரீமதி கமலா ஹாரிஸ் 226 ஸ்தானங்களையும் பெற்றனர். போட்டி கடுமையாயிருக்குமென்று கருதப்பட்ட ஏழு ராஜ்யங்களும் ஒன்று விடாமல் மிஸ்டர் டிரம்ப் பக்கம் சாய்ந்தன. நாடெங்கும் பதிவான மொத்த வோட்டுகளிலும் அவரே முந்தினார். 2004-க்குப் பிறகு அவருடைய கட்சிக்கு இது கிட்டியது அதுவே முதல் தடவை. வித்தியாசம் பெரிதன்று, நூற்றுக்கு ஒன்றரை வோட்டு அளவே. ஆயினும், தோற்ற கட்சியார் தங்கள் தோல்விக்குக் கூறிய காரணங்களைக் கேட்டபோது நமக்கு வியப்பே மேலிட்டது. ஜனங்கள் பொய்ப் பிரசாரத்தில் மயங்கினர் என்றனர் சிலர்; இனத் துவேஷத்துக்கு இரையாயினர் என்றனர் வேறு சிலர்; தங்கள் நன்மை எதுவென்று அறியும் சக்தியே அவர்களுக்கில்லை என்று சொல்லாமற் சொன்னவர் பலர்.

இவ்விளக்கத்தை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. நோயாளி வலிக்கிறதென்று கூறினால், அவனுடைய கல்வித் தகுதியை விசாரிக்கும் வைத்தியனிடம் யார் மறுபடியும் போவார்? வோட்டர் ஏன் அதிருப்தி கொண்டார் என்பதை அறிய வேண்டுமானால், அவர் வசிக்கும் தெருவையும், அவர் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தையும், அவர் மளிகைக் கடைக்குக் கொடுக்கும் பணத்தையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அமெரிக்க லிபரல்களின் தோல்விக்குக் காரணம் அவர்களுடைய ஆட்சியிலேயே இருப்பது விளங்கும்.

லிபரல் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் முற்காலத்தில் லிபரல் என்றால் மிதவாதி என்று பொருள். அமெரிக்காவில் அப்படியன்று. சமூகத்தின் குறைகளைச் சர்க்காரின் சக்தியாலும், நிபுணர்களின் திட்டங்களாலும் விரைவில் நீக்கிவிடலாமென்று நம்புகிறவரே அங்கு லிபரல். மிஸ்டர் பிராங்க்லின் ரூஸ்வெல்ட் காலத்தில் அக்கொள்கைக்கு உழைப்பாளிகளே அஸ்திவாரமாயிருந்தனர். 1936-ம் வருஷத் தேர்தலில் மெய்ன், வெர்மான்ட் என்ற இரண்டு சிறு ராஜ்யங்கள் நீங்கலாக மற்றெல்லாம் அவரையே ஆதரித்தன. அத்தகைய கட்சியை விட்டுத் தொழிலாளர் ஏன் விலகினர் என்பதே இன்றைய பிரச்னை.

இதற்கு விடை காண, எதிர்க்கட்சி செல்வாக்குப் பெற்ற பிரதேசங்களுக்குப் போக வேண்டியதில்லை. லிபரல்களின் சொந்தக் கோட்டைகளிலேயே சாட்சியம் மலிந்து கிடக்கிறது. ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம் 2020-ல் மிஸ்டர் பைடனுக்கு நூற்றுக்கு 85 வோட்டு வீதம் அளித்த நகரம். கொள்ளை நோயின் காரணமாக அந்நகரின் பொதுப் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. எப்போது திறப்பீர்கள் என்று பெற்றோர் கேட்டுக் கொண்டிருந்தனர். அந்தச் சமயத்தில், 2021 ஜனவரியில், பள்ளிக் கல்விச் சபையார் கூடி 44 பள்ளிக்கூடங்களின் பெயர்களை மாற்றத் தீர்மானித்தனர். வாஷிங்டன், லிங்கன் ஆகியோரின் பெயர்கள்கூட அவர்களுக்கு ஆகவில்லை. அடுத்த மாதமே, பரீட்சையிலும் மார்க்கிலும் தேறியவர்களைச் சேர்த்து வந்த லோவல் உயர்தரப் பள்ளியில் தகுதி முறையை நீக்கிக் குலுக்கல் முறையைப் புகுத்தினர். கடையிலும் சமையற்கட்டிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த சீனக் குடும்பங்கள் கொதித்தெழுந்தன. 2022 பிப்ரவரி 15-ந் தேதி நடந்த விசேஷ வோட்டெடுப்பில், சபையின் அங்கத்தினர் மூவர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வோட்டுகளால் பதவியிலிருந்து நீக்கப்பட்டனர். அதே வருஷம் ஜூன் 7-ந் தேதி, சிறைவாசத்தைக் குறைப்பதே தம் கொள்கையென்று கூறி 2019-ல் வென்றிருந்த ஜில்லா பிராஸிக்யூட்டர் மிஸ்டர் செஸா பூடினையும் அந்நகரத்தார் நீக்கினர். நீக்கியவர்கள் யார்? மிஸ்டர் டிரம்ப்பின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் ஜனங்கள். இவர்களையும் துவேஷிகள் என்று சொல்வார்களா?

மின்னியாபொலிஸ் நகரின் அனுபவமும் இத்தகையதே. 2020 மே மாதம் 25-ந் தேதி ஜார்ஜ் பிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸார் கையில் மாண்ட கொடுமையைக் கண்டு உலகமே பதைத்தது. நீதி வேண்டுமென்று எழுந்த குரல் நியாயமானது. ஆனால், நகரசபை அங்கத்தினர் ஒன்பது பேர் ஒரு பூங்காவில் மேடையேறி, நகரப் போலீஸ் இலாகாவையே கலைத்துவிடுவதாக வாக்குறுதி அளித்தனர். 2021 நவம்பரில் அவ்விலாகாவுக்குப் பதிலாக வேறொரு இலாகாவை அமைக்கும் பிரேரணை ஜனங்களின் வோட்டுக்கு வந்தபோது தோற்றது. கறுப்பின மக்கள் மிகுதியாக வசிக்கும் வடபகுதியிலும் அதற்கு ஆதரவு கிட்டவில்லை. போலீஸார் ஒழுங்காக நடக்க வேண்டுமென்று அம்மக்கள் விரும்பினர். போலீஸே வேண்டாமென்று அவர்கள் ஒருபோதும் கேட்கவில்லை. காவற்காரர் உள்ள மாளிகைகளில் வசிப்போருக்குப் போலீஸ் இல்லாத நகரம் ஒரு சித்தாந்தம். இரவில் வேலை முடிந்து தனியே வீடு திரும்பும் ஏழைப் பெண்ணுக்கு அது பிராண சங்கடம்.

ஓரிகன் ராஜ்யத்தின் சோதனை இன்னும் தெளிவானது. அபின் வகை முதலிய கொடிய லாகிரி வஸ்துக்களைச் சொந்த உபயோகத்துக்காகச் சிறிதளவு வைத்திருப்பது குற்றமல்ல என்னும் பிரேரணையை 2020 நவம்பரில் அந்த ராஜ்ய ஜனங்கள் நூற்றுக்கு 58 பேர் வீதம் ஏற்றனர். பிடிபட்டவருக்கு 100 டாலர் அபராதம். வைத்திய ஆலோசனைக்காக ஒரு டெலிபோன் செய்தால் அதுவும் தள்ளுபடி. தண்டனையின் பயம் நீங்கினால் நோயாளிகள் தாமே சிகிச்சையை நாடி வருவர் என்று நிபுணர்கள் எண்ணினர். வந்தவர் மிகச் சிலரே. பென்டனில் என்ற உயிர்கொல்லி மருந்தும் அதே காலத்தில் பரவியதால் நிலைமை மோசமாயிற்று என்பதையும் நியாயத்தை முன்னிட்டுச் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் போர்ட்லண்ட் நகரின் மையப் பகுதியில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. டெமாக்ரடிக் கட்சியாரே பெரும்பான்மை வகித்த சட்டசபை, தானே முன்வந்து சட்டத்தைத் திருத்தியது; 2024 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அது மீண்டும் குற்றமாயிற்று.

காலிபோர்னியாவில் நடந்ததோ யாவற்றிலும் விசேஷமானது. 950 டாலருக்கு மேற்படாத திருட்டைச் சிறு குற்றமாக்கும் 47-ம் நெம்பர் பிரேரணை 2014-ல் அங்கு நிறைவேறியது. சிறைகள் நிரம்பி வழிந்தமையால் கைதிகளின் தொகையைக் குறைக்கும்படி 2011-ல் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட்டிருந்ததால், சீர்திருத்தத்துக்கு அவசியம் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் நாளடைவில் கடைக்காரர்கள் சோப்பையும் பற்பசையையும்கூடப் பூட்டி வைத்து விற்கும் காலம் வந்தது. மீண்டும் மீண்டும் திருடுவோருக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் 36-ம் நெம்பர் பிரேரணை 2024 நவம்பரில் வோட்டுக்கு வந்தது. கவர்னர் மிஸ்டர் காவின் நியூஸம் அதை எதிர்த்தார். ஜனங்களோ நூற்றுக்கு 68 பேர் வீதம் அதை ஆதரித்தனர். அதே நாளில் அதே ராஜ்யத்தில் ஸ்ரீமதி ஹாரிஸுக்குக் கிடைத்தது நூற்றுக்கு 58 அளவே. ஆகவே, அவருக்கு வோட்டளித்த கையாலேயே லட்சக்கணக்கானோர் இப்பிரேரணைக்கும் வோட்டளித்தனர் என்பது வெளிப்படை. அந்த ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரலாக இருந்த ஸ்ரீமதி ஹாரிஸ், தாம் இப்பிரேரணைக்கு எப்படி வோட்டளித்தார் என்பதைச் சொல்ல மறுத்துவிட்டார். சாமானிய ஜனங்கள் தயங்காமல் விடையளித்த கேள்விக்கு, நாட்டை ஆள விரும்பியவர் வாய் திறக்கவில்லை. அக்கட்சியின் அவஸ்தையை இதைவிடச் சுருக்கமாக விளக்க இயலாது.

திருவாரூர் ஜில்லாவைச் சேர்ந்த துளசேந்திரபுரம், ஸ்ரீமதி ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனாரின் ஊர். அவ்வூர்க் கோவிலில் அவருடைய வெற்றிக்காக ஜனங்கள் பூஜை செய்தது இயற்கையான பாசமே; அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பாசம் வேறு, அரசியல் மதிப்பீடு வேறு. அவருக்குச் சாதகமான தீர்ப்பையும் பாதகமான தீர்ப்பையும் வழங்க உரிமை பெற்றவர்கள் அந்நாட்டுப் பிரஜைகளே.

இனி விலைவாசியைக் கவனிப்போம். 2021 மார்ச்சில் மிஸ்டர் பைடனின் சர்க்கார் 1.9 லட்சம் கோடி டாலர் செலவுத் திட்டம் ஒன்றை நிறைவேற்றியது. இத்தனை பணத்தை ஒரேயடியாக அவிழ்த்து விட்டால் விலைகள் ஏறுமென்று, மிஸ்டர் கிளின்டனிடம் பொக்கிஷ மந்திரியாயிருந்த மிஸ்டர் லாரன்ஸ் ஸம்மர்ஸ் முன்னதாகவே எச்சரித்தார். அவர் அதே கட்சியைச் சேர்ந்தவர். அவர் பேச்சு எடுபடவில்லை. 2022 ஜூனில் விலைவாசி முந்திய வருஷத்தைவிட நூற்றுக்கு 9.1 வீதம் உயர்ந்து நின்றது. நாற்பது வருஷங்களில் காணாத ஏற்றம் அது. கொள்ளை நோயும் உக்ரேன் யுத்தமும் காரணங்களாயின என்பது வாஸ்தவமே. மற்ற தேசங்களிலும் விலைகள் ஏறின. ஆனால், ஏற்றம் தற்காலிகமானது, கணக்குப்படி பொருளாதாரம் செழிப்பாகவே இருக்கிறது என்று வாதாடியதுதான் ஜனங்களின் மனத்தைப் புண்படுத்தியது. ஏறும் வேகம் குறைந்ததேயன்றி, ஏறிய விலை இறங்கவில்லை. புள்ளி விவரம் படிப்பவர் வேகத்தைப் பார்க்கிறார்; முட்டை வாங்குகிறவர் விலையைப் பார்க்கிறார்.

அதே 2022-ம் வருஷம் கலாசாலை மாணவர்களின் கடனில் தலைக்குப் பதினாயிரம் டாலரும், சிலருக்கு இருபதினாயிரம் டாலரும் தள்ளுபடி செய்வதாகச் சர்க்கார் அறிவித்தது. சுப்ரீம் கோர்ட் 2023 ஜூனில் அதைச் செல்லாதென்று தீர்த்தது. சட்டம் கிடக்கட்டும்; தர்மத்தை யோசிப்போம். அமெரிக்காவில் வயது வந்தோரில் பெரும்பாலோர் பட்டதாரிகள் அல்லர். லாரி ஓட்டுகிறவரும் கூரை வேய்கிறவரும் செலுத்தும் வரிப்பணத்தில், தங்களைவிட அதிகம் சம்பாதிக்கப் போகும் பட்டதாரியின் கடனைத் தீர்ப்பது எந்த ஏழைக்குச் செய்யும் உபகாரம்? லாரித் தொழிலாளரின் பெருஞ்சங்கமாகிய டீம்ஸ்டர்ஸ், 2024-ல் எந்த ஜனாதிபதி அபேட்சகருக்கும் ஆதரவளிக்க மறுத்ததில் ஆச்சரியம் என்ன?

எல்லைப் பிரச்னையும் இவ்வாறே வளர்ந்தது. 2023 டிசம்பர் ஒரு மாதத்தில் மட்டும் தென் எல்லையில் ஏறக்குறைய 2.5 லட்சம் பேர் காவற்படையினரிடம் அகப்பட்டனர். 2024 ஜூனில் மிஸ்டர் பைடன் கடுமையான உத்தரவு பிறப்பித்தார், வருகையும் குறைந்தது. அந்த வருஷ ஆரம்பத்தில் ஸெனட் சபையில் உருவான சமரச மசோதாவுக்கு ரிபப்ளிகன் கட்சியாரே முட்டுக்கட்டை போட்டனர் என்பது மெய். ஆயினும், 2024-ல் ஓர் உத்தரவினால் இயன்றது 2021-ல் ஏன் இயலாமற் போயிற்று என்று ஜனங்கள் கேட்டனர். டெக்ஸாஸில் ரியோ கிராண்டே நதிக்கரையிலுள்ள ஸ்டார் ஜில்லாவில் வசிப்போர் அநேகமாக அனைவரும் மெக்ஸிகோ வமிசாவளியினர். 1892-க்குப் பிறகு எந்த ரிபப்ளிகன் அபேட்சகரையும் ஆதரியாத அந்த ஜில்லா 2024-ல் மிஸ்டர் டிரம்ப்பை ஆதரித்தது. யாருக்காகத் தாங்கள் பரிந்து பேசுவதாக லிபரல்கள் நினைத்தனரோ, அவர்களே வேறு பக்கம் சென்றுவிட்டனர்.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். லிபரல்களின் நோக்கங்களில் பல உயர்ந்தவை. கைதியிடம் கருணை, அகதிக்கு அடைக்கலம், ஏழைக்கு உதவி ஆகியவற்றை எந்த நல்லவர் வெறுப்பார்? பிழை முறையில் இருந்தது. சிறிய அளவில் சோதித்துப் பாராமல் நாடளாவிய மாறுதலைச் செய்வது. பலன் கெட்டபோது கொள்கையைச் சந்தேகியாமல் ஜனங்களைச் சந்தேகிப்பது. ஆட்சேபித்தவரை மூடரென்றோ கொடியரென்றோ ஒதுக்குவது. பல தலைமுறைகளின் அனுபவத்தால் உருவான வழக்கங்களில் ஒரு நிபுணர் குழுவுக்குப் புலப்படாத விவேகம் அடங்கியிருக்கலாம் என்பதே கன்ஸர்வேடிவ் கொள்கையின் சாரம். தெருவில் அமைதி, பணத்துக்கு நிலையான மதிப்பு, பள்ளியில் ஒழுங்கான படிப்பு ஆகிய மூன்றும் சர்க்காரின் முதற் கடமைகள். இவற்றை நிறைவேற்றிய பிறகே மற்றக் கனவுகளுக்கு ஜனங்கள் அனுமதி தருவார்கள்.

ஆனால் வென்றவர்கள் மார்தட்டவும் நியாயமில்லை. வோட்டரின் அதிருப்தி எந்தக் கட்சிக்கும் எழுதிக் கொடுத்த சொத்தன்று. விலைகளை இறக்குவதாகச் சொல்லிப் பதவியேறிய மிஸ்டர் டிரம்ப், 2025 ஏப்ரலில் ஏறக்குறைய எல்லா தேசங்களின் சரக்குகள் மீதும் இறக்குமதி வரிகளை அறிவித்தார். துறைமுகத்தில் விதிக்கும் வரி கடைசியில் கடையில் வாங்குகிறவர் தலையிலேயே விடியும் என்பது கன்ஸர்வேடிவ்கள் வெகுகாலமாகப் போதித்து வந்த பாலபாடம். 2025 நவம்பர் 4-ந் தேதித் தேர்தல்களில் வர்ஜீனியாவிலும் நியூ ஜெர்ஸியிலும் டெமாக்ரடிக் கட்சியார் கவர்னர் பதவிகளைக் கைப்பற்றினர். நியூ யார்க் நகரில், வாடகையையும் வாழ்க்கைச் செலவையும் பற்றியே ஓயாது பேசிய மிஸ்டர் மம்தானி மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வர்ஜீனியாவில் வென்ற ஸ்ரீமதி ஸ்பான்பெர்கர் யார்? போலீஸுக்குப் பணத்தை நிறுத்துவோம் என்ற கோஷம் நம்மைக் கெடுக்கிறது என்று 2020-லேயே தம் கட்சியாரின் அந்தரங்கக் கூட்டத்தில் இடித்துரைத்தவர். அன்று அவர் சொல்லைச் செவியுற்றிருந்தால், அக்கட்சி பல அவமானங்களைத் தவிர்த்திருக்கும்.

ஜனநாயகத்தில் ஜனங்கள் பிழையே செய்யமாட்டார்கள் என்று நாம் வாதிக்கவில்லை. அவர்கள் செய்யும் பிழையையும் தேர்தலில் அவர்களே திருத்துவார்கள். ஓரிகனிலும் காலிபோர்னியாவிலும் அதுவே நடந்தது. ஆனால் அவர்கள் முறையிடும் துன்பத்தைப் பொய்யென்று கூற எந்தத் தலைவருக்கும் உரிமையில்லை. அரசியல் ஊழியத்தில் இறங்கியவர்கள் ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: ஜனங்கள் நம்மிடம் என்ன சொன்னார்கள், நாம் எதைக் கேட்க மறுத்தோம்? அக்கேள்வியைக் கேட்கும் கட்சி மீண்டும் எழும். ஜனங்களை மாற்றிக்கொள்ள விரும்பும் கட்சியை ஜனங்கள் மாற்றி விடுவார்கள்.