ஒரே சாமான் அறை, இரண்டு குப்பைக் கூடை

சகோதரிகளே, ஒரே சாமான் அறையில் இரண்டு சமையற்காரர்கள் புழங்கினால் என்ன ஆகும்? "பெருங்காயத்தை நான் எடுக்கவில்லை" என்பார் ஒருவர். "நானும் தொடவில்லை" என்பார் மற்றவர். ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயக்க முறைகளை வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டரை விட்டிருக்கும் வீடுகளிலும் இதே கதைதான்.

"நம் வீட்டில் ஏது இரண்டு?" என்று சொல்லிவிடாதீர்கள். 2011 செப்டம்பர் 15-ந் தேதி தமிழ்நாடு அரசு மாணவ மாணவியருக்கு இலவச லாப்டாப் கொடுக்கத் தொடங்கியதல்லவா? ஆரம்ப வருஷங்களில் வந்த அந்த லாப்டாப்புகளில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது.

பெரியகுளத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவே இருக்கும் தேவதானப்பட்டியில், அப்படி ஒரு பழைய லாப்டாப் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். அம்மா விண்டோஸில் மகளிர் குழுக் கணக்கை எழுதுகிறாள். மகள் லினக்ஸில் காலேஜ் பாடம் செய்கிறாள். காலமான பாட்டியின் படங்கள் பொது ஃபோல்டரில் இருக்கின்றன. ஒரு நாள் இடம் போதவில்லை என்று மகள் எதையோ அழிக்க, பாட்டியும் கூடவே போய்விட்டாள்! அம்மா விண்டோஸின் குப்பைக் கூடையைத் திறந்து பார்க்கிறாள். காலி. அவளுக்கு அழுகை வருமா, வராதா?

அழ வேண்டாம். கூடை ஒன்றல்ல, இரண்டு! லினக்ஸில் அழித்த ஃபைல், அதே பொதுப் பகுதியில், முன்னால் ஒரு புள்ளியும் பிறகு 'டிராஷ்-1000' என்றும் பெயருள்ள ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அது குப்பைக் கூடை என்று விண்டோஸுக்குத் தெரியாது. சாதாரண ஃபோல்டர் என்றே நினைக்கும். அதற்குள் 'ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரைத் திறந்தால் பாட்டி பத்திரமாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். விண்டோஸில் அழித்தவையோ விண்டோஸ் கூடையில் இருக்கும். லினக்ஸிலிருந்து எட்டிப் பார்த்தால் அவற்றின் பெயரெல்லாம் மாறி, அடையாளமே தெரியாது. ஆகையால் முதல் விதி: எந்தப் பக்கம் அழித்தீர்களோ, அந்தப் பக்கமே போய் மீட்டு எடுங்கள்.

கூடையையும் காலி செய்துவிட்டால்? அல்லது 'ஷிஃப்ட்' விசையை அழுத்திக்கொண்டு அழித்துவிட்டால்? அப்போதும் நம்பிக்கை உண்டு. டப்பாவின் மேல் ஒட்டிய 'மிளகாய்த் தூள்' என்ற சீட்டைக் கிழித்துவிட்டால், உள்ளே இருக்கும் தூள் மறைந்தா போய்விடும்? சீட்டில்லாத டப்பா காலி என்று எண்ணி, யாராவது அதில் மல்லித் தூளைக் கொட்டும் வரையில் அது அப்படியேதான் இருக்கும். கம்ப்யூட்டரும் சீட்டைத்தான் கிழிக்கிறது. ஆகவே இரண்டாவது விதி: ஃபைல் போனது தெரிந்த உடனே அந்த டிஸ்கில் வேறு எதையும் சேமிக்காதீர்கள், புதிய புரோகிராம் எதையும் ஏற்றாதீர்கள்.

பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' என்ற இரண்டு புரோகிராம்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டும் விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவிலிருந்து ஓட்டுங்கள். மீண்டு வரும் படங்களையும் வேறொரு டிஸ்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோட்டோரெக் தேடிக் கொடுக்கும் படங்களில் பழைய பெயர் இராது. அதனால் என்ன, முகம் இருந்தால் போதாதா?

ஆனால் ஓர் எச்சரிக்கை. இப்போது வரும் எஸ்.எஸ்.டி. டிஸ்குகளில், அழித்த இடத்தைக் கம்ப்யூட்டரே சீக்கிரம் துடைத்துவிடும். அங்கே சீட்டோடு தூளும் போய்விடலாம். நெட்வொர்க் மூலம் வேறொரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரைத் திறந்து அழித்தாலும், பெரும்பாலும் அது கூடைக்குப் போகாது, நேரே மறைந்துவிடும்.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸ் பொதுப் பகுதியில் எழுதினால், விழித்ததும் விண்டோஸ் குழம்பிப்போய், யாருமே அழிக்காத ஃபைல்கள்கூட காணாமல் போகலாம். பக்கம் மாறும்போது 'ரீஸ்டார்ட்' கொடுத்தே மாறுங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்பதை அடியோடு நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது.

மீட்கும் வித்தையெல்லாம் கடைசிக் கைமருந்துதான். மாதம் ஒரு முறை, பால் கணக்குப் பார்க்கும் நாளன்று, வீட்டுப் படங்களையும் குழுக் கணக்கையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துப் பீரோவில் வைத்துவிடுங்கள். அப்புறம் எந்தச் சமையற்காரர் எந்தச் சீட்டைக் கிழித்தால்தான் என்ன!