ஏற்காட்டில் அறை: முன்பே பிடிப்பதா, போய்ப் பிடிப்பதா?

மே மாதம் வந்துவிட்டால் சேலத்தில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும். ரோட்டில் தார் இளகும். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. பிள்ளைகள் வீட்டில் அடங்கி இருக்க மாட்டார்கள். "ஏற்காடு போகலாம்" என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பும்.

ஏற்காடு அதிக தூரம் இல்லை. சேலத்திலிருந்து சுமார் 32 கிலோ மீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் ஏறக்குறைய 5 ஆயிரம் அடி உயரம். காற்றே மாறிவிடும்.

மே மாதக் கடைசியில், கோடை விழா நடக்கும் வாரத்தில், மாலை நேரத்தில் ஏரிக்கரைக்குப் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். அப்பா கையில் பெட்டி. அம்மா தோளில் தூங்கும் குழந்தை. ஒவ்வொரு விடுதியாக ஏறி இறங்குகிறார்கள். "ரூம் இருக்குங்களா?" என்று கேட்கிறார்கள். "இல்லீங்க" என்று பதில் வருகிறது. ஓரிடத்தில் இருக்கிறது என்கிறார்கள். வாடகையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பி நடக்கிறார்கள்.

"அப்பவே சொன்னேனே, கேட்டீங்களா?" என்கிறார் மனைவி.

"முன்பணம் கட்டிவிட்டு, வர முடியாமல் போயிருந்தால் அந்தப் பணத்தை யார் கொடுப்பார்கள்?" என்கிறார் கணவர்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வருடத்துக்கு ஒரு தடவை பயணம் போகும் குடும்பத்துக்கு 3 ஆயிரம் ரூபாய் சிறிய தொகை அல்ல. அது போனால் அடுத்த மாதம் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் பணம் போனது போல.

தேதி யார் கையில்?

முன்பே பதிவு செய்வது நல்லதா, கடைசி நேரத்தில் போவது நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பயணத் தேதியை யார் முடிவு செய்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

சென்னையில் இருக்கும் ஒரு குடும்பம். அப்பா அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவருக்கு 4 நாள்தான் லீவு. பிள்ளைகளுக்கு மே மாதத்தில்தான் விடுமுறை. இவர்களுடைய தேதி இவர்கள் கையில் இல்லை. அலுவலகமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து முடிவு செய்து கொடுத்த தேதி அது. இப்படிப்பட்டவர்கள் காத்திருந்து லாபம் அடைய முடியாது. லீவு கிடைத்த அன்றே அறைக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதுதான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் நிலைமை வேறு. ஆர்டர் குறைந்த வாரத்தில் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போகலாம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்றால் கேட்கவே வேண்டாம். அவர் பிப்ரவரியில் போகலாம். ஜூலையில் போகலாம். செவ்வாய்க்கிழமை போகலாம். அவர் ஏன் 2 மாதம் முன்னதாகப் பணத்தைக் கொண்டுபோய் ஒரு விடுதியில் முடக்க வேண்டும்?

பக்கத்து வீட்டுக்காரர் முன்பே பதிவு செய்துவிட்டார் என்பதற்காக இவரும் செய்வதும், அவர் கடைசி நேரத்தில் மலிவாக அறை பிடித்தார் என்று கேட்டு சென்னைக் குடும்பம் மே மாதத்தில் துணிந்து கிளம்புவதும்தான் தொல்லைக்குக் காரணம்.

ரெயில் வேறு, அறை வேறு

பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். அது சரி அல்ல.

சாதாரண ரெயிலில் படுக்கைக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறுவது இல்லை. 2 மாதம் முன்னால் எடுத்தாலும் 2 வாரம் முன்னால் எடுத்தாலும் அதே கட்டணம்தான். தாமதித்தால் இடம் கிடைக்காதே தவிர, விலை குறையாது. ஆகவே ரெயில் டிக்கெட்டை முன்பே எடுப்பதில் யோசனைக்கு இடமே இல்லை.

முன்பு 120 நாள் முன்னதாக டிக்கெட் எடுக்கலாம் என்று இருந்தது. 2024 நவம்பர் 1-ந் தேதி முதல் அதை 60 நாளாக ரெயில்வே குறைத்தது. மே 20-ந் தேதி பயணம் என்றால் மார்ச் 21-ந் தேதி டிக்கெட் எடுக்க முடியும். இது குடும்பங்களுக்கு ஒரு விதத்தில் நல்லதே. 4 மாதத்துக்கு முன்னால் யாருக்கு லீவு தெரியும்? 2 மாதத்துக்கு முன்னால் பரீட்சை அட்டவணையாவது கைக்கு வந்திருக்கும்.

தட்கால் இருக்கிறதே என்று நம்பி இருப்பவர்களும் உண்டு. அது முதல் நாள்தான் கிடைக்கும். கூடுதல் கட்டணமும் உண்டு. ஒருவர் ஓடிப்போய் ஏறுவதற்கு அது சரி. 2 பிள்ளைகளும் பாட்டியும் இருக்கும் குடும்பம் அதை நம்பிப் பெட்டி கட்டக் கூடாது.

இன்னொன்று. "ஏற்காடு எக்ஸ்பிரஸ்" என்று பெயர் இருப்பதால் அது ஏற்காட்டுக்கே போகும் என்று புதியவர்கள் நினைப்பது உண்டு. அது சென்னையிலிருந்து இரவில் புறப்பட்டு, சேலம் வழியாக ஈரோட்டுக்குப் போகிற ரெயில். மலை மேல் ரெயில் பாதை கிடையாது. சேலத்தில் இறங்கி பஸ்சில்தான் ஏற வேண்டும்.

விடுதி அறை விஷயம் அப்படி அல்ல. அறைக்கு ஒரே விலை கிடையாது. அதே கட்டில், அதே ஜன்னல். மே மாதத்தில் ஒரு வாடகை, ஆகஸ்டில் ஒரு வாடகை. சனிக்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று.

அச்சாரம் கொடுக்கும் முன்

முன்பே அறை பிடிப்பவர்கள் வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்கிறார்கள். வர முடியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது இல்லை. எத்தனை நாள் முன்னதாகச் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வரும்? தேதியை மாற்றித் தருவார்களா? மலைப்பாதை அடைக்கப்பட்டால் என்ன? இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். செல்போனில் செய்தியாக வந்தாலும் போதும். வாய்ப்பேச்சு பிறகு நிற்காது.

முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டச் சொல்லி, திருப்பித் தர மாட்டோம் என்று சொல்லும் விடுதி வாடகையில் 500 ரூபாய் குறைத்தாலும் அது மலிவு அல்ல. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த 500 ரூபாய் லாபம் 5 ஆயிரம் ரூபாய் நஷ்டமாகிவிடும். திருப்பித் தருகிற இடத்துக்குச் சற்று அதிகம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

போலி இணையதளங்களும் இருக்கின்றன. நல்ல விடுதியின் படத்தைப் போட்டு, வேறு யாரோ பணத்தைப் பறித்துக்கொள்வார்கள். பணம் அனுப்பும் முன் விடுதிக்கே போன் செய்து விசாரிக்க வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குத் தெரிவிக்கலாம். விடுதியே நியாயம் இல்லாமல் பணத்தைப் பிடித்துக்கொண்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. இது பலருக்குத் தெரியாது.

மழை வைக்கும் தேதி

மலைக்கு ஒரு குணம் உண்டு. அது யாருடைய பதிவையும் கேட்டு நடப்பது இல்லை.

2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. எங்கோ கடற்கரையில் அடித்த புயல்தானே என்று சேலத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அடுத்த 2 நாளில் சேர்வராயன் மலையில் மழை கொட்டித் தீர்த்தது. மலைப்பாதையில் மண் சரிந்தது. போக்குவரத்து நின்றது. அந்த வாரத்துக்கு அறை பிடித்து வைத்திருந்தவர்களால் மேலே போக முடியவில்லை. நவம்பர், டிசம்பர் மாதங்களில் பயணம் என்றால் திரும்பக் கிடைக்காத பணத்தைக் கட்டவே கூடாது.

மழையினால் வரும் நல்லதும் உண்டு. அதையும் முன்பே பதிவு செய்ய முடியாது. காப்பிச் செடியை இந்த மலைக்குக் கொண்டு வந்தவர், சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர். அது நடந்து சுமார் 200 ஆண்டு ஆகிறது. கோடையின் தொடக்கத்தில் ஒரு நல்ல மழை பெய்தால், அதிலிருந்து ஏறக்குறைய 10 நாளில் காப்பித் தோட்டம் முழுவதும் வெள்ளை வெளேர் என்று பூத்துவிடும். மல்லிகை போன்ற வாசனை. 3, 4 நாளில் பூ வாடிவிடும். அதைப் பார்க்க வேண்டும் என்றால் மழையைக் கவனித்து, நாளை எண்ணி, சட்டென்று கிளம்ப வேண்டும். சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்துக்காரர்களுக்குத்தான் அந்த யோகம்.

கிளியூர் நீர்வீழ்ச்சியும் அப்படித்தான். மழை பெய்தால்தான் அங்கே தண்ணீர் விழும். ஏப்ரல் மாதத்தில் போய் நின்றால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம்.

பள்ளிக்கூடம் திறக்கும் நாள்

கடைசி நேரத்தில் கிளம்புகிறவர்களுக்கு எதிர்பாராமல் ஓர் அதிர்ஷ்டம் அடிப்பதும் உண்டு. 2023-ம் ஆண்டு வெயில் குறையாததால் பள்ளிக்கூடம் திறக்கும் நாளை அரசாங்கம் தள்ளிப்போட்டது. ஜூன் 12-ந் தேதிதான் பெரிய வகுப்புகள் திறந்தன. 2024-லும் ஜூன் 6-ந் தேதி என்பது 10-ந் தேதி ஆயிற்று. கோடை விழா முடிந்த பிறகு கிடைத்த நாட்கள் அவை. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது இனாமாகக் கிடைத்த விடுமுறை. ஆனால் அடுத்த வருடமும் இப்படி நடக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

சிங்கப்பூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வேறு கணக்கு. அங்கே பள்ளிக்கூடத்தில் நடு ஆண்டு விடுமுறை மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூன் மாதக் கடைசி வரை இருக்கிறது. விமான டிக்கெட் ரெயில் டிக்கெட் மாதிரி அல்ல. இடம் நிரம்ப நிரம்ப விலை ஏறும். அதை முன்பே வாங்கத்தான் வேண்டும். ஆனால் ஏற்காட்டு அறையை அதே வேகத்தில் பிடிக்க அவசியம் இல்லை. ஜூன் பாதியில் இங்கே பள்ளிக்கூடம் திறந்துவிடும். கூட்டம் கலைந்துவிடும். சொந்தக்காரர் வீட்டில் 2 நாள் தங்கிவிட்டு, வானத்தைப் பார்த்து மலை ஏறலாம்.

"ஏழைகளின் ஊட்டி"

ஏற்காட்டுக்கு இப்படி ஒரு பெயர் நீண்ட காலமாக உண்டு. ஊட்டிக்குப் போகப் பணம் இல்லாதவர்கள் இங்கே வந்து குளிர்ந்தார்கள். அந்தப் பெயர் ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் இன்றைக்கும் பொருந்தும். மே மாதக் கடைசியில் பொருந்துமா என்பதுதான் சந்தேகம்.

2024 மே 7-ந் தேதி முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று ஐகோர்ட்டு உத்தரவுப்படி ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த உத்தரவில் ஏற்காடு சேரவில்லை. பாஸ் எடுக்கத் தெரியாதவர்கள், அலைய விரும்பாதவர்கள் எங்கே திரும்புவார்கள்? சின்ன ஊர். சின்ன ஏரி. விழா வாரத்தில் எத்தனை பேரைத்தான் தாங்கும்?

இங்கே அரசாங்கம் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு ஏற்காட்டில் இருக்கிறது. கோடை விழா நாட்களில் அதில் சில அறைகளைப் பதிவுக்கு விடாமல் வைத்திருக்க வேண்டும். பஸ்சில் வந்து இறங்கும் குடும்பங்களுக்கு, குழந்தையும் முதியவர்களும் உள்ளவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும். இணையத்தில் பதிவு செய்யத் தெரிந்தவனுக்கு எல்லா அறையும், தெரியாதவனுக்கு ஏரிக்கரை பெஞ்சும் என்றால் அது சரியான ஏற்பாடு அல்ல. தனியார் விடுதிகள் பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையை வாடகைப் பலகைக்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதி வைக்கவும் உத்தரவு போடலாம். இதற்குச் செலவு ஒரு பலகையும் கொஞ்சம் பெயிண்டும்தான்.

அறையே வேண்டாம்

சேலத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை எதுவுமே தேவை இல்லை. விடியற்காலையில் புளிசாதம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் வெயில் ஏறும் முன் மலை மேல் இருக்கலாம். ஏரியில் படகு. அண்ணா பூங்கா. பகோடா பாயிண்ட். நடக்க முடிந்தவர்கள் சேர்வராயன் கோவில் வரை போகலாம். 5,326 அடி உயரத்தில் அந்தக் கோவில் இருக்கிறது. மாலையில் லேடிஸ் சீட்டில் நின்றால் சேலம் நகரம் கீழே தெரியும். வீட்டைப் பூட்டினோமா என்ற கவலையும் அங்கேதான் வரும்!

விழா நாட்களில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிவாரம் வழியாக ஏறவும், குப்பனூர் வழியாக இறங்கவும் பாதையை மாற்றிவிடுவது உண்டு. அந்த வழி சுற்று. நேரம் பிடிக்கும். பஸ்சிலும் நெரிசல் இருக்கும். கீழே இறங்கக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்த வழியாகப் போகிறது என்று காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.